துடிப்பு தாறுமாறானால் வால்வு ஏன் கசிகிறது?

என் பெரியம்மாவின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் மூன்று சுருக்கெழுத்துகள் இருந்தன: ஏஎஃப், எம்ஆர், டிஆர். எம்ஆருக்குப் பக்கத்தில் 'சிவியர்' என்று எழுதியிருந்தது. வீட்டில் எல்லோர் கண்ணும் அந்த ஒரு சொல்லில்தான் போய் நின்றது. வால்வு போய்விட்டது, நெஞ்சைத் திறக்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எந்த ஊருக்குக் கூட்டிப் போவது என்று பேச்சு ஓடியது. டாக்டரோ, "வால்வு நல்லாதாம்மா இருக்கு, முதல்ல துடிப்பைச் சரி பண்ணுவோம்" என்றார். கசிகிற வால்வை எப்படி நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார்? வெளியே வந்ததும் வேறு ஒருவரிடம் காட்டலாமா என்றுகூட யோசித்தோம்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்கு முழுதாகப் புரிய சில மாதங்கள் ஆயின. நான் மருத்துவன் இல்லை. படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இரவில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காவது இது உதவும் என்று நம்புகிறேன்.

கதவும் நிலையும்

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். மேலறைகள் ரத்தத்தை வாங்கிக் கீழறைகளுக்குக் கொடுக்கும். வலது கீழறை அதை நுரையீரலுக்குத் தள்ளும், இடது கீழறை உடம்பு முழுவதற்கும் தள்ளும். ஒவ்வொரு கீழறைக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு. ஆக நான்கு வால்வுகள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை உள்ளே வரும் கதவுகள் இரண்டும்தான். இடது பக்கம் இருப்பது மைட்ரல் வால்வு, அதற்கு இரண்டு இதழ்கள். வலது பக்கம் இருப்பது ட்ரைகஸ்பிட் வால்வு, அதற்கு மூன்று இதழ்கள்.

கீழறை இறுகும்போது இந்தக் கதவுகள் மூடிக்கொள்ள வேண்டும். சரியாக மூடாவிட்டால், முன்னே போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு வந்த வழியே மேலறைக்குத் திரும்பிவிடும். இதைத்தான் ரிகர்ஜிடேஷன் என்கிறார்கள், நாம் 'வால்வு லீக்' என்கிறோம். மைட்ரலில் கசிந்தால் எம்ஆர், ட்ரைகஸ்பிட்டில் கசிந்தால் டிஆர்.

இப்போது ஒரு பழைய வீட்டு வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கதவு, அதைச் சுற்றி மர நிலை. அந்தக் கதவு சரியாக மூடவில்லை என்றால் பலகை உளுத்துப்போயிருக்கலாம், கீல் கழன்றிருக்கலாம். கதவு புத்தம் புதிதாக இருந்தும் மூடாமல் போவதும் உண்டு. சுவர் நகர்ந்து நிலை அகன்றுவிட்டால், இரண்டு பலகைகளும் நடுவில் வந்து சேராது. நல்ல தச்சர் வந்தால் கதவைக் கழற்றுவதற்கு முன்னால் நிலையை அளந்து பார்ப்பார்.

வால்வுக்கும் இப்படி ஒரு நிலை உண்டு. இதழ்கள் வேர் பிடித்து நிற்கும் வளையம் அது. பெரியம்மாவின் இதழ்களில் ஒரு பழுதும் இல்லை, வளையம்தான் விரிந்துபோயிருந்தது. அதை விரித்தது அவருடைய தாளம் தப்பிய துடிப்பு.

மேலறை நடுங்கும்போது

ஏஎஃப் என்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சாதாரணமாக இதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு முடிச்சிலிருந்து நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பு கிளம்பும். மேலறைகள் முதலில் சுருங்கும், ஒரு கணம் கழித்துக் கீழறைகள் சுருங்கும். ஏஎஃப் வந்தவருக்கு மேலறைகளின் பல இடங்களிலிருந்து நிமிடத்துக்கு 300 முதல் 600 வரை மின்துடிப்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓடும். அந்த வேகத்தில் மேலறையால் சுருங்கவே முடியாது. அரசமரத்து இலை காற்றில் படபடப்பதுபோல் அதன் சுவர் நடுங்கிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

நல்லவேளையாக, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு காவல் முடிச்சு இருக்கிறது. வருகிற துடிப்புகளில் சிலவற்றை மட்டும் அது கீழே விடும். ஆனால் ஒழுங்கான இடைவெளியில் விடாது. அதனால்தான் ஏஎஃப் உள்ளவரின் மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் ஒரு தாளத்துக்கும் அடங்காது: இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, ஒன்று பலமாக, ஒன்று இருப்பதே தெரியாமல்.

ஈசிஜி வருவதற்கு முன்பே இதை நெருங்கிப் பார்த்தவர் ஜேம்ஸ் மெக்கன்சி. இங்கிலாந்தின் பர்ன்லி என்ற தொழில் நகரத்தில் குடும்ப மருத்துவராக இருந்தவர். கழுத்து ரத்தக்குழாயின் அசைவையும் மணிக்கட்டு நாடியையும் ஒரே நேரத்தில் காகிதத்தில் வரையும் கருவியைச் செய்துகொண்டு, தன் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். அவர்களில் மைட்ரல் வால்வு குறுகிப்போன ஒரு பெண்மணிக்கு நாடி தாளம் தப்பிய அதே காலத்தில், கழுத்து ரத்தக்குழாயில் மேலறைச் சுருக்கத்தால் வரும் அலை காணாமல் போயிருந்தது. மேலறை வேலையை நிறுத்திவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அதன் உண்மையான காரணத்தை 1909 வாக்கில் லண்டனில் தாமஸ் லூயிஸ் ஈசிஜி மூலம் காட்டினார். வால்வையும் துடிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அந்தக் காகிதச் சுருள்களிலேயே இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நிலை விரிவது எப்படி?

சுருங்காத தசை தளரும். மேலறைச் சுவர் இறைச்சித் துண்டுபோல் தடிப்பானது இல்லை, மெல்லியது. சுருங்கும் வேலை நின்றுபோய், உள்ளே ரத்தத்தின் அழுத்தமும் ஏறினால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அது பலூன்போல் விரிந்துகொண்டே போகும். ரத்த அழுத்தம், உடல் பருமன், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு ஆகியவையும் சேர்ந்துகொண்டால் இன்னும் வேகமாக விரியும். எக்கோ ரிப்போர்ட்டில் 'எல்ஏ டைலேட்டட்' என்று இருந்தால் இடது மேலறை பெரிதாகிவிட்டது என்று பொருள். பலரும் இந்த வரியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இப்போது ரிப்போர்ட்டில் முதலில் கண் போவது அங்கேதான்.

மைட்ரல் வளையத்தின் முன்பக்கம் பெருந்தமனியின் அடிப்பகுதியோடு கெட்டியான நாரால் பிணைந்திருக்கிறது. அந்தப் பக்கம் அவ்வளவாக அசையாது. பின்பக்கம் அப்படி இல்லை, மேலறைச் சுவரோடும் கீழறைத் தசையோடும் ஒட்டி நிற்கிறது. மேலறை விரியும்போது பின்பக்க வளையத்தையும் இழுத்துக்கொண்டு விரிகிறது. முன்னிதழ் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பின்னிதழ் விலகிப் போகிறது.

இதழ்கள் கொஞ்சம் தாராளமாகவே படைக்கப்பட்டிருக்கின்றன. மூடும்போது ஓரத்தோடு ஓரம் முட்டி நிற்காமல், சில மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டிக்கொள்ளும். வேட்டியைக் கட்டும்போது ஒரு மடிப்பு மிச்சம் விடுகிறோமே, அதுபோல. வளையம் கொஞ்சம் விரிந்தாலும் இந்த மிச்சம் ஈடுகட்டிவிடும். அதோடு, இழுப்புக்கு ஏற்ப இதழே கொஞ்சம் வளர்ந்தும் கொடுக்கும். ஒரே அளவு மேலறை பெரிதான இருவரில் ஒருவருக்குக் கசிவு இருந்து, மற்றவருக்கு இல்லாமல் போவதற்கு இந்த வளர்ச்சியில் உள்ள வித்தியாசம் ஒரு காரணம். மிச்சம் தீர்ந்த பிறகுதான் நடுவில் இடைவெளி விழுகிறது.

வளையம் அசையாமல் கிடக்கும் இரும்பு வட்டமும் இல்லை. குதிரைச் சேணம்போல் வளைந்த வடிவம் அதற்கு. ஒவ்வொரு துடிப்பிலும் அது கொஞ்சம் சுருங்கி இதழ்களை நெருக்கிக் கொடுக்கும். அந்தச் சுருக்கத்தில் ஒரு பகுதி மேலறை சுருங்குவதால் வருவது. மேலறை நடுங்க ஆரம்பித்ததும் அந்த உதவியும் போய்விடுகிறது. சிலருக்கு இன்னொன்றும் நடக்கும்: பெருத்த மேலறை கீழறையின் பின்சுவரின் மேல் சாய்ந்து இறங்கி, பின்னிதழைத் தன்னோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்போது இதழ் முன்னால் வந்து சேரவே முடியாது.

கசிவு தொடங்கியதும் திரும்பி வரும் ரத்தம் மேலறையை இன்னும் ஊத வைக்கிறது. ஊதிய மேலறையில் ஏஎஃப் இன்னும் பிடிவாதமாக நிற்கிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1995-இல் ஆடுகளை வைத்துச் செய்த ஆய்வில், மேலறையைச் செயற்கையாகத் தொடர்ந்து நடுங்கவிட்டால், சில நாட்களிலேயே அந்த நடுக்கம் தானாக நிலைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது என்று கண்டார்கள். ஏஎஃப் தனக்கான இடத்தைத் தானே தயார் செய்துகொள்கிறது. அதனால்தான் காலம் கடத்துவது பற்றி எனக்கு இவ்வளவு கவலை.

வலது பக்கமும் இதே கதைதான். ட்ரைகஸ்பிட் வளையத்துக்குக் கெட்டியான நார்ப் பிடிப்பு இன்னும் குறைவு என்பதால் அது இன்னும் எளிதாக விரியும். இடது பக்கம் கசிந்தால் ரத்தம் நுரையீரலில் தேங்கும்: மாடி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும், தலையணையை உயர்த்திக்கொள்ளத் தோன்றும். வலது பக்கம் கசிந்தால் உடம்பில் தேங்கும்: மாலையில் செருப்பு இறுகும், கால் வீங்கும், வயிறு உப்பும், இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்று இருக்கும். பெரியம்மா வயிற்றுக்கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பசியின்மைக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எது முந்தியது?

ஏஎஃப்-உம் வால்வு கசிவும் ஒருவரிடம் சேர்ந்து இருந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. துடிப்பு கெட்டதால் வால்வு கசிந்ததா, வால்வு கெட்டதால் துடிப்பு தாளம் தப்பியதா? மருத்துவம் இங்கேதான் பிரிகிறது.

இதழிலேயே கோளாறு இருக்கலாம். இதழ் தொய்ந்துபோவது, அதைப் பிடித்திருக்கும் நாண் அறுந்துபோவது, சிறுவயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இதழ்கள் தடித்து ஒட்டிப்போவது எல்லாம் இந்த வகை. அல்லது மாரடைப்பாலோ தசை பலவீனத்தாலோ கீழறை பெருத்து, இதழ்களின் நாண்களைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கலாம். மூன்றாவதுதான் நாம் பேசிக்கொண்டிருப்பது: இதழ் நன்றாக இருக்கிறது, கீழறையின் வலுவும் நன்றாக இருக்கிறது, மேலறையும் வளையமும்தான் விரிந்திருக்கின்றன. மேலறையால் வந்த கசிவு என்று இதைத் தனி வகையாகப் பிரித்துப் பார்ப்பது மருத்துவத்தில் அண்மைக்காலப் பழக்கம்தான். அதற்கு முன் கீழறை பெருத்தவர்களையும் இவர்களையும் ஒரே பட்டியலில்தான் வைத்திருந்தார்கள்.

துடிப்பே வால்வைக் கசிய வைக்கும் என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்களிடமிருந்து 2011-இல் வந்தது. ஏஎஃப்-க்கு அப்லேஷன் (தாறுமாறான மின்துடிப்பு மேலறைக்குள் பரவாமல் தடுக்கும் முறை, பின்னால் விளக்குகிறேன்) சிகிச்சை செய்துகொண்டவர்களில், கீழறை நன்றாக இருந்தும் மைட்ரல் கசிவு இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். வால்வை யாரும் தொடவில்லை. துடிப்பு சீராகவே நின்றவர்களில் 24 சதவீதம் பேருக்கு மட்டுமே குறிப்பிடத்தக்க கசிவு மிச்சம் இருந்தது. ஏஎஃப் திரும்பி வந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு அது அப்படியே இருந்தது. சீரான துடிப்பு நிலைத்தவர்களுக்கு மேலறையும் வளையமும் சிறுத்திருந்தன. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் இதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும், சுவர் மறுபடி நகர்ந்தால் நிலை தானாகச் சேரும் என்பதை அது காட்டிவிட்டது. எங்கள் டாக்டர் சொன்ன வாக்கியம் இதைப் படித்த அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

எக்கோ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மைட்ரல் கசிவு கடுமையானது என்று சொல்ல அளவுகள் இருக்கின்றன: ஒரு துடிப்புக்கு 60 மில்லி அல்லது அதற்கு மேல் திரும்புவது, இதழ்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 0.4 சதுர சென்டிமீட்டரைத் தொடுவது, இதுமாதிரி. ஏஎஃப் உள்ளவருக்கு ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வொரு அளவு. ஒரே ஒரு துடிப்பை அளந்து எழுதினால் அது ஏமாற்றும், பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். நாடி 140-இல் ஓடி, உடம்பெல்லாம் நீர் கோத்திருக்கும் அன்று எடுத்த எக்கோவில் 'சிவியர்' என்று வந்தது, நீர் வடிந்து துடிப்பு அடங்கிய பிறகு எடுத்தால் 'மாடரேட்' என்று வரலாம். பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. அதனால் பதற்றமான முதல் ரிப்போர்ட்டை வைத்து அறுவைக்கு நாள் குறிக்காமல், உடம்பு நிதானமான பிறகு இன்னொரு எக்கோ தேவையா என்று கேளுங்கள். உடனே செய்தாக வேண்டிய நிலைமைகளும் உண்டு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சரி, மருத்துவம் என்ன?

முதலில் ரத்தக்கட்டு. வால்வைப் பற்றிய கவலையில் பலரும் இதைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள், அது பெரிய தவறு. இடது மேலறையின் ஓரத்தில் சுருக்குப்பை போல ஒரு சிறு பை தொங்குகிறது. மேலறை சுருங்காதபோது ரத்தம் அதற்குள் தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இதைப் பெருமளவு தடுக்கும். ஆஸ்பிரின் இதற்கு மாற்று இல்லை.

எந்த மாத்திரை என்பதற்கு நம் நாட்டில் கூடுதல் கவனம் வேண்டும். அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகட்ரான் போன்ற புதிய மாத்திரைகள் பெரும்பாலான ஏஎஃப் நோயாளிகளுக்கு நல்லவை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஆனால் ருமாட்டிக் நோயால் மைட்ரல் வால்வு குறுகியவர்களுக்கும், உலோகச் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் பழைய வார்ஃபரின், அசினோகூமரால் வகைதான். இந்தியா உட்பட 24 நாடுகளில், ருமாட்டிக் இதய நோயும் ஏஎஃப்-உம் உள்ள நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளியானது. ரிவராக்ஸபான் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், பழைய மாத்திரை எடுத்தவர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது. நம் ஊர்களில் ருமாட்டிக் வால்வு நோய் இன்னும் இருப்பதால், "எனக்கு எதனால் வால்வு கெட்டது?" என்ற கேள்வி மாத்திரை வரை வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையைப் பார்த்து நம்முடையதை மாற்றச் சொல்லக் கூடாது. வார்ஃபரின் வகை எடுப்பவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று ஆடாமல், ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

அடுத்தது நீர். ஃப்ரூஸமைட், ஸ்பைரனோலாக்டோன் போன்ற நீர் போகும் மாத்திரைகள் தேங்கியதை வடிக்கும். மேலறையின் அழுத்தம் இறங்கும், வளையத்தின் இழுப்பும் கொஞ்சம் தளரும். வீட்டில் எடை பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் தினமும் காலையில் எடை குறித்துவைப்பது நல்லது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சோற்றால் வந்த எடை இல்லை, நீர். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் நம் சாப்பாட்டில் உப்பை ஒளித்துவைத்திருக்கும் இடங்கள்.

அப்புறம் துடிப்பு. இதில் இரண்டு வழிகள். ஒன்று, ஏஎஃப் இருக்கட்டும், கீழறையின் வேகத்தை மட்டும் அடக்குவோம் என்பது. மெட்டோப்ரோலால், டில்டியஸம், டிகாக்ஸின் எல்லாம் இதற்கு. இன்னொன்று, துடிப்பையே பழைய தாளத்துக்குக் கொண்டுவருவது. நெடுங்காலம் இரண்டும் ஏறத்தாழ சமம் என்றுதான் சொல்லிவந்தார்கள். ஏஎஃப் தெரிந்து ஓராண்டுக்குள் தாளத்தை மீட்க முயன்றால் பக்கவாதம், இதயத்தால் வரும் இறப்பு முதலியவை குறைகின்றன என்று 2020-இல் வந்த ஈஸ்ட் ஆய்வு காட்டியது. மேலறையால் வால்வு கசிபவருக்கு இரண்டாவது வழியில் கூடுதல் லாபம் இருக்கிறது, கசிவும் குறைய வாய்ப்புண்டு.

தாளத்தை மீட்க அமியோடரோன் போன்ற மாத்திரைகள் உண்டு. சிறிது நேரம் மயக்கம் கொடுத்து நெஞ்சில் மின்னதிர்ச்சி தரும் கார்டியோவெர்ஷன் உண்டு. அதைச் செய்வதற்கு முன் பொதுவாக மூன்று வாரமும் பின் நான்கு வாரமும் ரத்தம் உறையாத மாத்திரை விடாமல் எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து, அந்தச் சுருக்குப்பையில் கட்டி இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவதாக அப்லேஷன் உண்டு. பிரான்சின் போர்டோ நகரில் மிஷேல் ஐஸாகேரும் அவர் குழுவும் 1998-இல் 45 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏஎஃப்-ஐக் கிளப்பிவிடும் பொறிகளில் 94 சதவீதம் நுரையீரலிலிருந்து மேலறைக்கு வரும் ரத்தக்குழாய்களுக்குள் இருப்பதாக அவர்கள் கண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய அப்லேஷன். தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை ஏற்றி, அவை மேலறையில் திறக்கும் வாய்களைச் சுற்றிச் சூட்டாலோ குளிராலோ மின்துடிப்பாலோ ஒரு வேலி போடுகிறார்கள். வெளியே பொறி தெறித்தாலும் மேலறைக்குள் பற்றாது. மேலறை மிகவும் பெருத்து, ஏஎஃப் பல ஆண்டுகளாக நிலைத்துவிட்டால் வெற்றி குறைந்துவிடும். இரண்டாவது முறை செய்ய வேண்டியும் வரலாம்.

இவ்வளவும் செய்தும் கசிவு கடுமையாகவே நின்று, ஆளும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால்தான் வால்வில் கை வைப்பது. பெரிய அறுவையைத் தாங்கக்கூடியவருக்கு விரிந்த வளையத்தைச் சுற்றி ஒரு செயற்கை வளையத்தைத் தைத்து இழுத்துக்கட்டுவார்கள். நிலை விரிந்ததற்கு நிலையைத்தானே இறுக்க வேண்டும்? இதழ்கள் அவருடையவையாகவே இருக்கும். நெஞ்சைத் திறந்திருக்கும் அதே நேரத்தில் இன்னும் இரண்டு வேலைகளை முடிக்கலாம். ஒன்று மேஸ் அறுவை. செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காக்ஸ் 1987-இல் தொடங்கியது. மேலறையில் கணக்குப் பார்த்துத் தழும்புக் கோடுகள் போட்டு, தாறுமாறாக ஓடும் மின்சாரத்துக்கு ஒரே ஒரு வழியை மட்டும் விட்டுவைக்கிறார்கள். இன்னொன்று அந்தச் சுருக்குப்பையை மூடுவது. 2021-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஏஎஃப் உள்ள 4,770 பேர் இருந்தார்கள். அறுவையின்போது பையை மூடியவர்களில் 4.8 சதவீதம் பேருக்கும், மூடாதவர்களில் 7 சதவீதம் பேருக்கும் பக்கவாதமோ ரத்தக்கட்டு அடைப்போ வந்தது. வால்வு அறுவைக்குப் போகும் ஏஎஃப் நோயாளியின் குடும்பம் "இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வீர்களா?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். செய்ய வேண்டாம் என்றால் அதற்கும் காரணம் சொல்வார்கள்.

வயதும் உடம்பும் அறுவைக்கு இடம் கொடுக்காதவர்களுக்கு கிளிப். இத்தாலியின் ஒட்டாவியோ அல்ஃபியேரி என்ற அறுவை மருத்துவர் 1991-இல், கசியும் மைட்ரலின் இரண்டு இதழ்களையும் நடுவில் ஒரே ஒரு தையலால் பிடித்துவைத்தார். ஒரு வாசல் இரண்டு சிறு வாசல்களாகிவிடும், ரத்தம் போகும், கசிவு குறையும். அதையே நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகச் செய்வதுதான் மைட்ராகிளிப். 2003-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். கோஆப்ட் என்ற புகழ்பெற்ற ஆய்வு 2018-இல் கிளிப் உயிர் காக்கிறது என்று காட்டியது. ஆனால் அதில் இருந்த 614 பேரும் கீழறை பலவீனமானவர்கள். கீழறை நன்றாக இருந்து மேலறை மட்டும் விரிந்தவருக்கு அந்த எண்களை அப்படியே தூக்கிவைக்க முடியாது. கிளிப் விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலை மிகவும் விரிந்திருந்தால் கிளிப்பின் இரண்டு கைகளுக்கும் இதழ்கள் எட்டாமலும் போகலாம். தகுதியானவருக்குக் கசிவு நன்றாகவே குறைகிறது என்பதும் உண்மை.

ட்ரைகஸ்பிட்டுக்கும் இப்போது கிளிப் இருக்கிறது. 2023-இல் வெளியான ட்ரைலூமினேட் ஆய்வில் 350 பேர். கிளிப் வைத்தவர்களில் 87 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்தில் கசிவு மிதமான அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கியது. ஓராண்டில் இறப்பு குறையவில்லை, ஆனால் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. எண்பது வயதில் கால் வீக்கம் இல்லாமல் கோயில் வரை நடந்துபோய் வருவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பெரியம்மாவுக்கு நீர் மாத்திரை, துடிப்பு மாத்திரை, பிறகு ஒரு கார்டியோவெர்ஷன், அது சில வாரங்களில் தோற்றபோது அப்லேஷன். ஒன்பது மாதம் கழித்து எடுத்த எக்கோவில் எம்ஆருக்குப் பக்கத்தில் 'மைல்டு' என்று இருந்தது. மேலறை முழுதாகப் பழைய அளவுக்கு வரவில்லை, கொஞ்சம் சிறுத்திருந்தது. டிஆர் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அன்று அவர் டாக்டரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "துடிப்பு சரியாயிடுச்சே, ரத்த மாத்திரையை நிறுத்திடலாமா?"

முடியாது என்றார் டாக்டர். அந்த மாத்திரையை முடிவு செய்வது இன்றைய துடிப்பு இல்லை, வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பவை. ஏஎஃப் தெரியாமலே வந்து போகவும் கூடும். பெரியம்மா எழுபத்திரண்டு, பிரஷர் உண்டு. அதனால் மாத்திரை தொடர்கிறது. காலையில் காபிக்கு முன்னால் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணி, காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதிவைக்கிறார். தாளம் தப்பினால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. இந்த மாதம் இதுவரை புள்ளி இல்லை.